அமுக்கரா: ஒரே பெயரில் மூன்று சரக்கு

ஒரு நாளைக்கு எவ்வளவு அமுக்கரா சாப்பிடலாம் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கேட்பவர் கையில் இருப்பது வெறும் வேர்ப்பொடியா, அமுக்கரா சூரணமா, அதன் வடமொழிப் பெயரான அசுவகந்தா என்று எழுதிய கேப்ஸ்யூலா என்பதைப் பொறுத்து பதில் 5 கிராமாகவும் இருக்கலாம், 300 மில்லிகிராமாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே செடியிலிருந்து வருபவை, பெயரும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பொருத்தினால் ஒரு பக்கம் பலனே தெரியாது, மறுபக்கம் தேவைக்குப் பல மடங்கு உள்ளே போய்விடும். இந்த மூலிகையைப் பற்றிய புகழ்ச்சியிலும் பயத்திலும் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தது.

அமுக்கரா கத்தரி, தக்காளி, சுண்டை இருக்கும் குடும்பத்துச் செடி. இடுப்பளவு வளரும். சுண்டைக்காயை விடச் சிறிய பழம் ஒரு மெல்லிய காகிதப் பை போன்ற உறைக்குள் உட்கார்ந்திருக்கும், பழுத்தால் ஆரஞ்சுச் சிவப்பு. அசுவகந்தா என்ற வடமொழிப் பெயர் பச்சை வேரில் அடிக்கும் குதிரை வாடையால் வந்தது. தாவரவியல் பெயர் விதானியா சோம்னிஃபெரா. இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் உறக்கம் தருவது என்று பொருள். வடமொழிக்காரர் மூக்கால் பெயர் வைத்தார்கள், ஐரோப்பியர் பயனால் வைத்தார்கள். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் உள்ளுக்குக் கொடுக்கும் பாகம் வேர். இலையை அரைத்து வீக்கத்துக்கும் கட்டிக்கும் வெளியே பற்றுப் போடுவதுண்டு. இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

இந்தியாவில் பயிராகும் வேரில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களிலிருந்தும் ராஜஸ்தானின் நாகௌர் பக்கத்திலிருந்தும் வருகிறது. மழை முடியும் தறுவாயில் விதைத்து, ஐந்தாறு மாதத்தில் இலை காய்ந்து பழம் சிவந்ததும் வேரோடு பிடுங்குவார்கள். பிடுங்கிய வேரை நீளம், பருமன், உள்நிறம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம் சுமார் 7 சென்டிமீட்டர் நீளம், ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் பருமன், ஒடித்தால் உள்ளே பளிச்சென்ற வெள்ளை. மெலிந்த, உள்ளே மஞ்சளடித்த, பொந்து விழுந்த துண்டுகள் கடைசித் தரம். பொடியாக அரைக்கப் போவது பெரும்பாலும் இந்தக் கடைசித் தரம்தான் என்பதால், முடிந்தவரை வேராக வாங்கி அரைப்பது நல்லது.

வேரைக் கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்ல சரக்கு நார் இழுக்காமல் டக்கென்று முறியும், முறிந்த இடத்தில் விரல் வைத்தால் வெள்ளை மாவு ஒட்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். நார் நாராகக் கிழிந்தால் அது முற்றிய வேரோ தண்டின் அடிப்பாகமோ. பொடியாக வாங்கினால் நிறம் பாருங்கள்: வெளிறிய சந்தன நிறம் இருக்க வேண்டும், பச்சை சாயல் தெரியக் கூடாது. பச்சை தெரிந்தால் இலையோ இளந்தண்டோ சேர்த்து அரைத்திருக்கிறார்கள். இலை மலிவு, அதோடு ஆய்வகத்தில் அளக்கும் மூலக்கூறு அதில் நிறையவே இருக்கிறது. கலப்படம் செய்பவருக்கு இது இரட்டை லாபம்.

அந்த மூலக்கூறுகளுக்குப் பொதுப்பெயர் விதானோலைடுகள். ஸ்டீராய்டு அமைப்பைச் சேர்ந்தவை. வேரில் விதானோலைடு-ஏ போன்றவை, இலையில் விதாஃபெரின்-ஏ அதிகம். விதாஃபெரின்-ஏ செல்களைக் கொல்லும் தன்மை உடையது. புற்றுநோய் ஆய்வாளர்கள் அதை ஆர்வத்தோடு பார்ப்பதும், தூக்கத்துக்காகச் சாப்பிடுபவர் அதைத் தவிர்க்க வேண்டியதும் ஒரே காரணத்தால்தான்.

கணக்கு எங்கே தவறுகிறது

முதலில் வெறும் பொடி. மருந்துத் தர நூலான இந்திய ஆயுர்வேத ஃபார்மகோபியா வேர்ப்பொடிக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய இரண்டரை முதல் 3 கிராம் வரும். பொடியின் நைசைப் பொறுத்து இது மாறும், குவித்து எடுத்தால் ஒன்றரை மடங்காகிவிடும். சமையலறைத் தராசில் ஒரு முறை எடை போட்டு உங்கள் கரண்டிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது இரண்டு நிமிட வேலை.

அடுத்தது அமுக்கரா சூரணம். இதில் அமுக்கரா மட்டும் இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சித்த மருத்துவச் செய்முறையில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதன் இரு மடங்கு. எழுதி வைக்காமலே மனதில் நிற்கும் அழகான கணக்கு. மொத்தம் 255 பங்கு, அதில் அமுக்கரா கால் பங்குதான், பாதிக்குச் சற்று மேல் சர்க்கரை. அதாவது 4 கிராம் சூரணம் சாப்பிட்டால் உள்ளே போகும் அமுக்கரா 1 கிராம், சர்க்கரை 2 கிராம், மீதி காரச் சரக்குகள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். சூரணம் சாப்பிட்டு நெஞ்செரிச்சல் வந்தால் பழி அமுக்கராமேல் விழக் கூடாது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கின்றன. வெறும் வயிற்றில், பால் இல்லாமல் போட்டால் எரியத்தான் செய்யும். இரண்டாவது, மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின், கல்லீரல் சில மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், மூச்சுத்திணறலுக்கான தியோஃபிலின் போன்றவை இரத்தத்தில் ஏறிப்போகலாம். எனவே இந்த மருந்துகளில் ஒன்றைச் சாப்பிடுபவருக்குச் சூரணம் வெறும் பொடியை விடச் சிக்கலானது. சர்க்கரை நோயாளிக்கு ஏன் சிக்கல் என்பது கணக்கிலேயே இருக்கிறது.

மூன்றாவது, எக்ஸ்ட்ராக்ட் எனும் செறிவூட்டிய சாறு. கேப்ஸ்யூலில் இருப்பது பெரும்பாலும் இதுதான். வேரில் விதானோலைடு அளவு பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. ஓர் உதாரணத்துக்கு 0.3 சதவீதம் என்று வைத்தால் 5 கிராம் பொடியில் 15 மில்லிகிராம். 5 சதவீதம் செறிவூட்டிய சாறு 300 மில்லிகிராம் எடுத்தாலும் அதே 15 மில்லிகிராம்தான். அதாவது ஒரு சிறு கேப்ஸ்யூலும் இரண்டு தேக்கரண்டிப் பொடியும் சமம். சந்தையில் 10 சதவீதமும் உண்டு, 35 சதவீதமும் உண்டு. 35 சதவீதச் சாற்றில் 120 மில்லிகிராம் எடுத்தால் விதானோலைடு 42 மில்லிகிராம் வந்துவிடும். எடை குறைவு என்பதால் வீரியம் குறைவு என்று எண்ணி இதை இரண்டாகச் சாப்பிடுபவர்கள் உண்டு. செறிவு ஏற ஏற, வேரோடு இலையும் சேர்ந்த சாறாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சதவீதத்தை எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். எடைபார்க்கும் பழைய முறை விதானோலைடு அல்லாததையும் சேர்த்து எண்ணி, நவீனக் கருவி காட்டுவதைவிட அதிகம் காட்டும். தரமான உற்பத்தியாளர் அளந்த முறையையும் லேபிளிலோ ஆய்வுச் சான்றிலோ எழுதுவார்.

பாலில் சுத்தி, பாலில் காய்ச்சல்

சித்த மருத்துவத்தில் அமுக்கராவை நேராக மருந்தில் சேர்ப்பதில்லை, பிட்டவியல் முறையில் சுத்தி, அதாவது சுத்திகரிப்பு, செய்வார்கள். வாயகன்ற பானையில் பாதிவரை பாலும் தண்ணீரும் கலந்து ஊற்றி, வாயில் சுத்தமான துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் இடித்த வேர்த்தூளைப் பரப்பி, மேலே இன்னொரு சட்டியால் மூடி, பால் குறையும்வரை சிறு தீயில் ஆவி கட்டுவது. புட்டு அவிப்பதைப் போலத்தான், பெயரும் அதனால்தான். துணி தொய்ந்தால் தூள் பாலில் நனைந்து களியாகிவிடும், எனவே கட்டு விறைப்பாக இருக்க வேண்டும். அவித்ததை நிழலில் சருகாக உலர்த்தி மறுபடி இடித்துச் சலிப்பார்கள். இந்த உலர்த்தலில்தான் அவசரம் காட்டித் தவறுகிறார்கள். பால் சத்து ஏறிய தூள் அரைகுறை ஈரத்தோடு டப்பாவுக்குள் போனால் சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடை வந்ததைக் காயவைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம், கொட்டிவிடலாம். சுத்தி செய்வதால் வேரின் கடுமை குறைந்து வயிறு ஏற்கிறது. ஆனால் கீழே சொல்லப்போகும் கல்லீரல் பிரச்சினை இதனால் நீங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

வீட்டில் வெறும் பொடியைச் சாப்பிட எளிய வழி பால் கஷாயம். பழைய விகிதம் சரக்கு 1, பால் 8, தண்ணீர் 32. அதன்படி 3 கிராம் தூளுக்குப் பால் 24 மில்லி, தண்ணீர் 96 மில்லி, தண்ணீர் முழுக்க வற்றிப் பால் அளவு மிஞ்சும்வரை காய்ச்ச வேண்டும். இதற்கு மைபோன்ற பொடியை விட ரவை பதத்தில் இடித்த தூள் நல்லது, கடைசியில் வடிகட்டலாம். நைஸ் பொடியைக் கொதிக்கும் பாலில் அப்படியே கொட்டினால் வேரின் மாவுச்சத்து வெந்து கட்டி தட்டும், அடிபிடிக்கும். முதலில் ஒரு கரண்டி ஆறிய தண்ணீரில் குழைத்து, பிறகு ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பால் ஒவ்வாதவர் வெந்நீரில் குடித்தாலும் வேர் வேலை செய்யும், வாய்க்குத்தான் கசப்பு.

இரவு உணவுக்குப் பின் 1 கிராமில் தொடங்கி, ஒரு வாரம் வயிறு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு 3 கிராமுக்குப் போவது பாதுகாப்பான வழி. அளவு கூடினால் முதலில் தெரிவது வயிறு இளகுவது, குமட்டல், பகலில் மந்தம்.

உண்மையில் என்ன செய்கிறது

தூக்க மாத்திரை போல அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும் மருந்து இது அல்ல. முதல் இரவிலேயே நன்றாகத் தூங்கியதாகச் சொன்னால் சூடான பாலுக்கும் நம்பிக்கைக்கும் அதில் பங்கு உண்டு. சோதனைகளில் வேறுபாடு தெளிவாகத் தெரிய எட்டு வாரம் ஆகிறது.

2012-ல் இந்தியாவில் வெளியான ஒரு சோதனை அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. நீண்டகால மன அழுத்தம் உள்ள 64 பேரில் ஒரு பாதிக்கு வேர்ச் சாறு 300 மில்லிகிராம் தினம் இரு வேளை, மறுபாதிக்குப் போலி மாத்திரை, 60 நாள். சாறு எடுத்தவர்களிடம் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் 27.9 சதவீதம் குறைந்தது, மற்றவர்களிடம் 7.9 சதவீதம். தூக்கத்தைப் பொறுத்தவரை, 2021-ல் ஐந்து சோதனைகளின் 400 பேரைத் திரட்டிப் பார்த்த ஆய்வு சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. தூக்கமின்மை நோய் உள்ளவர்களிடமும், நாளுக்கு 600 மில்லிகிராமோ அதற்கு மேலோ, எட்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடமும் பலன் கூடுதல்.

இந்த எண்களை மதிக்கலாம், மயங்க வேண்டியதில்லை. சோதனைகள் சிறியவை. பலவற்றுக்கு மருந்து தந்தது சாற்றைத் தயாரிக்கும் நிறுவனமே. எல்லாம் சாற்றை வைத்துச் செய்தவை, அரைக் கரண்டி சூரணத்தை வைத்து அல்ல. பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் முடிந்தவை. அதனால்தான் அமெரிக்கத் தேசிய நல நிறுவனங்களின் துணையுணவுப் பிரிவும் மூன்று மாதம் வரையிலான பயன்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிடுபவர், யாரும் சோதித்துப் பார்க்காத இடத்தில் நிற்கிறார்.

கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், இருமுனை மனநோய் ஆகியவற்றுக்கு இது மருந்து இல்லை. ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுபவர் அதைத் திடீரென நிறுத்திவிட்டு இதற்கு மாறினால் மாத்திரையை நிறுத்தியதால் வரும் நடுக்கமும் தூக்கமின்மையும் பிடித்துக்கொள்ளும், சிலருக்கு வலிப்பே வரலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் மந்தம் கூடும்.

கல்லீரல், தைராய்டு, கர்ப்பம்

கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் மறுக்க முடியாதது. 2020-ல் ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஐந்து பேரின் விவரம் சேர்ந்து வெளியானது. சாப்பிடத் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை, தாங்க முடியாத அரிப்பு. யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை. நால்வருக்குப் பரிசோதனை முடிவுகள் 1 முதல் 5 மாதத்தில் சீராயின, ஒருவர் பிறகு தொடர்பில் இல்லை. ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களின் நிலை வேறு. 2023-ல் இந்தியாவிலிருந்து வந்த நோயாளித் தொகுப்பில், அமுக்கரா மட்டும் அடங்கிய மருந்து சாப்பிட்ட 8 பேரில் 5 பேருக்கு முன்பே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தது. அவர்களில் கல்லீரல் செயலிழப்புடன் வந்த 3 பேரும் இறந்தார்கள். குடியால் கல்லீரல் கெட்டவர், மஞ்சள் காமாலைக் கிருமியைச் சுமப்பவர், கொழுப்புக் கல்லீரல் முற்றியவர் ஆகிய மூவரும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

தைராய்டில் விஷயம் வேறு மாதிரி. தைராய்டு லேசாகக் குறைந்த 50 பேரிடம் 2018-ல் வெளியான சோதனையில் நாளுக்கு 600 மில்லிகிராம் சாறு எட்டு வாரத்தில் தைராய்டு ஹார்மோனை உயர்த்தியது. கேட்க நல்ல செய்தி. ஆனால் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டும் சேர்ந்து அளவு மீறலாம். ஏற்கெனவே தைராய்டு மிகுந்தவருக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல ஆகும். காரணமில்லாத படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு ஆகியவற்றை மனப் பதற்றம் என்று எண்ணி இன்னும் ஒரு கேப்ஸ்யூல் போடுவதுதான் இதில் மோசமான தவறு. அமைதிக்காகச் சாப்பிட்ட ஒன்றே அமைதியைக் கெடுக்கும் நிலை அது.

கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். அதிக அளவில் கருவைக் கலைக்கும் என்ற குறிப்பு பழைய மருத்துவத்திலேயே உண்டு. பாலூட்டுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். சர்க்கரை மருந்து, இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரத்தச் சர்க்கரையோ அழுத்தமோ மேலும் இறங்கலாம். உறுப்பு மாற்றம் செய்து நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருப்பவருக்கு அந்த அடக்கத்தையே குலைக்கலாம். டெஸ்டோஸ்டிரோனைச் சற்று உயர்த்துவதால் புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவரும் ஒதுங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், மயக்க மருந்தோடு சேர்ந்தால் மந்தம் கூடும்.

அரசுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2020 மதிப்பீடு தைராய்டையும் பாலியல் ஹார்மோன்களையும் கருவையும் காட்டி எச்சரித்தது, 2023-ல் அந்த நாடு தடையே போட்டது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2024-ல் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கல்லீரல் நோயாளிகள் தவிர்க்கச் சொன்னது. போலந்து தடை செய்யாமல் வரம்பு வைத்தது: நாளுக்கு வேர்ப்பொடி 3 கிராம், விதானோலைடு 10 மில்லிகிராம். மூன்றில் போலந்தின் வழியே சரியானதாகப் படுகிறது. பொடியின் எடை, மூலக்கூறின் எடை இரண்டையும் தனித்தனியாகக் கட்டியது அது ஒன்றுதான். அந்த வரம்பின்படி மேலே சொன்ன 5 சதவீதக் கேப்ஸ்யூல் ஒன்றே அதிகம். இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் உற்பத்தியாளர்களை இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. வேரை வைத்து எழுதிய நூலைக் காட்டி இலையை விற்றவர்களுக்கான கடிவாளம் அது.

ஆகவே வாங்கும்போது முன்பக்கத்து யோகப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பாகம் என்று எழுதியிருக்க வேண்டும். வேர் என்ற சொல் இல்லையென்றால் வைத்துவிடுங்கள். பொடியா சாறா, சாறானால் எத்தனை சதவீதம், ஒரு கேப்ஸ்யூலில் எத்தனை மில்லிகிராம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். கன உலோகச் சோதனை அறிக்கை கேட்டுப் பார்க்கலாம். மூலிகைச் சரக்குக்கு இந்திய வரம்பு பத்து லட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. மண்ணிலிருந்து பிடுங்கும் வேர் என்பதால் இது வெறும் சடங்கு அல்ல. மன அமைதிக் கலவை என்று பத்து மூலிகை சேர்ந்த மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது, ஏதாவது கோளாறு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

சாப்பிடத் தொடங்குமுன் ஒரு முறையும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு முறையும் கல்லீரல், தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது செலவுக்குத் தகுந்த காப்பு. இடையில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, தோலில் தடிப்பே இல்லாமல் உடம்பெங்கும் அரித்தாலோ, கண் வெள்ளை மஞ்சளித்தாலோ, வலப்பக்க மேல்வயிறு வலித்துச் சாப்பாடே பிடிக்காமல் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். அமுக்கரா சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னால், எதை, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.